48கே ஸ்பெக்ட்ரம் திருத்திய குறிப்பு, கூடவே கொஞ்சம் ஆசைப்பட்டியல்

மாமாவின் ஸ்பெக்ட்ரம், 1980களில் சிங்க்ளேர் நிறுவனம் செய்த வீட்டுக் கணினி, இப்போது ஓடுகிறது. 48கே (48 கிலோபைட் நினைவகம்), ரப்பர் விசை, உள்ளே இஷ்யூ 3பி என்கிற பதிப்புச் சுற்றுப்பலகை. அவர் கப்பலில் வேலை செய்த காலத்தில் இங்கிலாந்தில் வாங்கியது. ஊருக்கு வந்து கொஞ்சக் காலம் பாவித்தார், அப்புறம் சண்டை, இடப்பெயர்வு, தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் பல வருஷம். "எறியிறதெண்டா எறி தம்பி, ஆனா ஒருக்காப் பாத்திட்டு எறி" என்று சொல்லித்தான் தந்தார். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன், எதை எதால் மாற்றினேன் என்று எழுதி வைக்கிறேன், இலங்கையில் இன்னும் சில வீடுகளில் இப்படி ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கும் என்ற நம்பிக்கையில். இடையிடையே, இந்தப் பழைய கணினிகளுக்கு இன்று புதிதாகச் செய்யப்படுகிற சாமான்களைப் பற்றியும் பேசுவேன். அதில் என் கட்சி இதுதான்: முழுசாகப் புதுக் கணினி செய்து விற்கிறவர்களைவிட, ஒரு கடித உறைக்குள் அடங்குகிற சின்னப் பலகைகளைச் செய்கிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்கள்.

திருகோணமலையில் எந்த எலெக்ட்ரோனிக் சாமானைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது உப்பின் வேலை. ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உள்துறைமுகம், நடுவில் நாங்கள். 5 வோல்ட் தருகிற 7805 ரெகுலேட்டரைப் பிடித்திருந்த அலுமினியத் தகட்டில் வெள்ளை மாவு பூத்திருந்தது. பின்பக்கத்து விளிம்பு இணைப்பியில் பச்சைப் படை. சொக்கெட்டில் இருந்த யூஎல்ஏ சிப்பின் (படத்தையும் விசைகளையும் கவனிக்கிற சிப்) கால்கள் கறுத்திருந்தன. ஐசோபுரோப்பைல் அல்கஹோல், பழைய பல்துலக்கி, விளிம்பு இணைப்பிக்கு மட்டும் வெள்ளை அழிறப்பர், அவ்வளவுதான். மருந்துக்கடையில் கிடைக்கிற 70 சதவீத அல்கஹோலில் மிச்சம் தண்ணீர், அதனால் கழுவிய பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதம் என்பதால் அது கெதியாகக் காய்ந்துவிட்டது. அதே கச்சானில் மின்விசிறி இல்லாமல் சோல்டர் பிடிக்க இருக்கவே ஏலாது, விசிறியைப் போட்டாலோ அயன் முனை ஆறிப்போகிறது, இரண்டுக்கும் நடுவில் எப்படியோ சமாளித்தேன்.

கரண்ட் கொடுக்கும் முன் ஒரு விஷயம். ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் செருகியில் நடுப்பகுதி நெகட்டிவ், வெளிவளையம் பொசிட்டிவ். வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் இது நேர்மாறு. செருகி அளவாகப் பொருந்துகிறதே என்று சொருகினால் கதை முடிந்தது. கிட்டார் பெடல்களுக்கு வருகிற 9 வோல்ட் அடப்டர்கள் இதே திசையில்தான் இருக்கும், ஆனால் அவற்றில் பல போதிய கரண்ட் தராதவை. சிங்க்ளேர் கொடுத்த மூல அடப்டரில் 1.4 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. மாமாவின் அந்த அடப்டர் இன்னும் உயிரோடு இருந்தது, ஆனால் அது ரெகுலேட் செய்யப்படாத பழைய வகை, சுமை இல்லாமல் அளந்தால் 9ஐவிட நன்றாக மேலே போகும். அதை அலமாரியில் வைத்துவிட்டு, 9 வோல்ட் 2 ஆம்பியர் அடப்டர் ஒன்றின் வயரை வெட்டி மாற்றிக் கட்டினேன்.

முதல் தடவை போட்டபோது திரையில் குப்பை. மல்டிமீட்டர் எடுத்தேன். ஸ்பெக்ட்ரத்தில் கீழ் 16கே நினைவகம் எட்டு 4116 சிப்புகளில் இருக்கிறது, பலகையில் ஐசி6 தொடங்கி ஐசி13 வரை. இந்த 4116 ஒரு தொல்லை பிடித்த சிப், மூன்று வோல்ட்டேஜ் கேட்கும்: 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5, 16ஆம் கால் தரை. 9ஆம் காலில் 5 சரியாக வந்தது. 8ஆம் காலில் 12 இல்லை. 1ஆம் காலில் ஒன்றுமே இல்லை.

இது ஸ்பெக்ட்ரத்தின் மிகப் பிரசித்தமான வருத்தம். 12ஐயும் மைனஸ் 5ஐயும் பலகைக்குள்ளேயே ஒரு சின்னச் சுருளும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து உண்டாக்குகின்றன. கணினி ஓடும்போதே பின்னால் எதையாவது சொருகினாலோ பிடுங்கினாலோ டிஆர்4 அடிபடும். அத்தோடு நின்றால் பரவாயில்லை. 12 வந்துகொண்டிருக்க, மைனஸ் 5 மட்டும் இல்லாமல் போனால் 4116 சிப்புகளும் ஒவ்வொன்றாகச் சாகும். டிஆர்4ஐக் கழற்றி அளந்தேன், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையில் முழு ஷோர்ட். சுருளின் அரக்குப் பூச்சு கருகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கருகியிருந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், புது டிரான்சிஸ்டரும் உடனே போய்விடும்.

டிஆர்4 இடத்தில் இருப்பது இசட்டிஎக்ஸ்650. இப்போது பலரும் போடுவது இசட்டிஎக்ஸ்651. டவுனில் இருக்கிற கடைகளில் இல்லை. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் நண்பன் ஒருவன் கேட்டுப் பார்த்தான், "அந்த நம்பர் இல்ல, வேற ஏதாச்சும் போடலாமா" என்றார்களாம். வேற ஏதாச்சும் போடலாம்தான், ஆனால் வேகமாகச் சுவிட்ச் ஆகிற, கரண்ட் தாங்குகிற டிரான்சிஸ்டர் வேண்டும், கையில் கிடைத்ததைப் போட்டால் சூடாகி அதுவும் போகும். சரி என்று வெளிநாட்டில் ஓடர் போட்டேன். அதே ஓடரில் விசைப்பலகைக்குப் புது மெம்பிரேன் (விசைகளுக்கு அடியில் இருக்கிற, கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்) ஒன்று, 7805க்குப் பதிலாகப் போடுகிற சுவிட்சிங் ரெகுலேட்டர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு தடித்த கடித உறைக்குள் வந்தது, தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

உறை என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், என் நண்பன் ஒருவன் ஒரு முழுப் புதுக் கணினியை வரவழைத்த கதை எனக்குத் தெரியும். பெட்டி பெரிது, மதிப்பு பெரிது, வரி, அனுப்புக் கூலி, கையாளும் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கணினியின் விலை எங்கேயோ போய்விட்டது. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்ற புதுக் கணினியைப் பற்றிப் பேசுவார்கள். 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு சேர்த்துத் தொடங்கியது, மூல ஸ்பெக்ட்ரத்தின் தோற்றத்தை வடிவமைத்த ரிக் டிக்கின்சனே அதன் வெளிக்கூட்டையும் வடிவமைத்தார், அழகான சாமான், சந்தேகமே இல்லை. 2025இல், அந்தக் காலத்து இன்னொரு கணினி நிறுவனமான கொமடோரின் பெயரை வாங்கிய கிறிஸ்டியன் சிம்ப்சன் குழு புது கொமடோர் 64 ஒன்றை அறிவித்தது, உள்ளே கிடியோன் ஸ்வைட்சரின் எஃப்பிஜிஏ (பழைய சிப்புகளைப் போலவே நடக்கும்படி அமைக்கக்கூடிய சிப்) பலகை. நல்லது, நடக்கட்டும். ஆனால் மாமாவின் பெட்டிக்குள் இருக்கிற பலகைக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இதற்கு வேண்டியது ஒரு நினைவகச் சிப்பும் ஒரு பிளாஸ்டிக் தாளும்தான்.

புது டிரான்சிஸ்டர்கள் போட்ட பிறகு 12ம் மைனஸ் 5ம் வந்துவிட்டன. திரையில் இப்போது குப்பை இல்லை, ஆனால் கணினி எழும்பவும் இல்லை. கறுப்புத் திரையில் நெட்டாகச் சிவப்புக் கோடுகள், அப்படியே நின்று, கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. இந்த இடம்தான் எனக்கு முழு வேலையிலும் பிடித்தது, ஏனென்றால் திரையே எந்தச் சிப் கெட்டது என்று சொல்லிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் எழும்பும்போது ரொம் (சிப்பில் நிரந்தரமாக எழுதியிருக்கிற புரோகிராம்) முதலில் நினைவகம் முழுவதிலும் 2 என்ற எண்ணை எழுதும். திரைக்குரிய 6912 பைட்டும் அந்தக் கீழ் நினைவகத்தில்தான் 16384ஆம் முகவரியிலிருந்து இருக்கிறது: 6144 பைட் புள்ளிகளுக்கு, 768 பைட் நிறங்களுக்கு. ஒரு பைட் என்பது எட்டு பிட், ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. 2 என்றால் இருமத்தில் ஒரே ஒரு பிட் மட்டும் 1 ஆக இருக்கும், அதனால் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக ஒரு மெல்லிய கோடு. நிறத்தின் இடத்தில் 2 என்றால் கறுப்பில் சிவப்பு. நல்ல கணினியில் இது கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். என் திரையில் ஒவ்வொரு எட்டுப் புள்ளிக் கட்டத்திலும் இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், மற்றது கட்டத்தின் இடது ஓரத்தில். இடது ஓரப் புள்ளி என்றால் 7ஆம் பிட். நிறப் பைட்டிலும் 7ஆம் பிட்தான் கண்சிமிட்டலுக்குரியது. அதாவது அந்த ஒரு பிட் எல்லா இடத்திலும் 1 என்றே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கூடுதல் கோடு, அதனால்தான் கண்சிமிட்டல். எட்டுச் சிப்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிட்டை வைத்திருக்கிறது, ஐசி6 பூச்சியம், ஐசி13 ஏழு. கெட்டது ஐசி13.

சிலர் நல்ல சிப் ஒன்றைக் கெட்டதின் முதுகில் ஏற்றிவைத்துப் பார்ப்பார்கள். சிப் வாய் திறக்காமல் செத்திருந்தால் அது பலிக்கும், இப்படி 1இல் ஒட்டியிருந்தால் பலிக்காது. வெட்டி எடுப்பதுதான் வழி. கால்களை ஒவ்வொன்றாக வெட்டி, உடலை எறிந்து, மிச்சக் கால்களை ஈயம் உருக்கி ஒவ்வொன்றாக இழுத்தேன். நாற்பது வருஷப் பலகை, தடங்கள் மெல்லியவை, முழுச் சிப்பையும் சூடாக்கிப் பிடுங்கப் போனால் செம்புத் தடமும் சேர்ந்து வரும். சிப் திரும்பக் கிடைக்கும், தடம் கிடைக்காது.

ஆனால் புது 4116க்கு எங்கே போவது? இணையத்தில் விற்கிறார்கள், எல்லாம் பழையது கழற்றியது, நம்பி வாங்க ஏலாது. இந்த இடத்தில் ஊரே கைகொடுத்தது. என்.சி. வீதிப் பக்கம் ரீவி திருத்துகிற அண்ணையின் கடை லாச்சியில் ஒரு எக்ஸ்டி காலத்து மதர்போர்ட் கிடந்தது, அதில் வரிசையாக 4164. "இத வச்சு என்ன செய்யப்போறாய்?" என்றார், சொன்னேன், சிரித்துக்கொண்டு சும்மாவே தந்தார். 4164 என்பது 4116இன் தம்பி, நாலு மடங்கு பெரியது, 5 வோல்ட் மட்டும் போதும். கால்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசை, மூன்று கால்களில்தான் வித்தியாசம். 1ஆம் காலைப் பலகையில் படாமல் மேலே மடக்கு, 4164க்கு அது தேவையில்லை. 8ஆம் காலையும் மடக்கு, பலகையில் அங்கே 12 வோல்ட் வரும், இந்தச் சிப்புக்கோ அதில் 5தான் வேண்டும். 9ஆம் கால் பலகையில் 5இல் இருக்கிறது, சிப்புக்கு அது ஒரு முகவரிக் கால், எப்போதும் 1 என்று நின்றால் சிப்பின் ஒரு பகுதி மட்டும் பாவனைக்கு வரும், எங்களுக்கு அதுவே தாராளம். கடைசியாக, மடக்கிய 8ஐயும் 9ஐயும் ஒரு துண்டு வயரால் இணை. சொக்கெட் ஒன்று வைத்து அதில் இதைப் பொருத்தினேன்.

போட்டேன். கறுப்பு, ஒரு கணம் சிவப்புக் கோடு, வெள்ளை, அடியில் சிங்க்ளேர் 1982 வரி.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் ஜே விசையை அழுத்தினார். ஸ்பெக்ட்ரத்தில் அந்த ஒரு விசை லோட் என்ற முழுக் கட்டளை. அப்புறம் சிம்பல் ஷிப்டோடு பி, திரும்பவும் பி, இரண்டு மேற்கோள் குறி. எண்டர் வேலை செய்யவில்லை. "இது அண்டைக்கும் இப்பிடித்தான்" என்றார்.

அண்டைக்கும் இப்படி இல்லை என்று எனக்கு நிச்சயம், மெம்பிரேன் காய்ந்து போயிருந்தது. நாற்பது விசைகளும் ஐந்துக்கு எட்டு என்ற வலையில் இணைந்திருக்கின்றன, அந்த வலையின் இரண்டு வால்கள், ஒன்றில் ஐந்து கோடு, மற்றதில் எட்டு, பலகையில் சொருகப்பட்டிருக்கும். எட்டுக் கோட்டு வால் மடிப்பில் அப்பளமாக நொறுங்கியது. வெடிப்பு நுனியில் மட்டும் இருந்தால் நுனியை நேராக வெட்டி மறுபடி சொருகலாம், இது நடுவில். மேலே ஒட்டியிருக்கிற உலோகத் தகட்டை எடுப்பதுதான் பதற்றமான வேலை, அவசரப்பட்டால் தகடு வளைந்துவிடும், பிறகு நிமிர்த்தினாலும் அடையாளம் தெரியும். தலைமுடி காயவைக்கும் கருவியால் ஒரு மூலையைச் சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டையை உள்ளே விட்டு, ஒட்டுப் பசை விடுகிற வேகத்துக்கே போனேன். இப்போது செய்கிற புது மெம்பிரேன்கள் பழையதைவிட நன்றாக வளைந்து கொடுக்கின்றன. புது வன்பொருள் என்றால் எல்லோரும் வேகம், நினைவகம் என்றுதான் நினைப்பார்கள், என்னைக் கேட்டால் இந்தப் பிளாஸ்டிக் தாள்தான் இத்தனை வருஷத்தில் ஸ்பெக்ட்ரத்துக்கு வந்த மிக முக்கியமான புதுச் சாமான். இது இல்லாமல் எத்தனை நல்ல பலகைகள் சும்மா கிடந்திருக்கும்.

ரெகுலேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: பழைய 7805 மிச்ச வோல்ட்டேஜை வெப்பமாக்கி எறியும், கச்சானில் அந்தப் பெட்டியைத் தொட ஏலாது. அதே மூன்று கால்களில் உட்காருகிற சுவிட்சிங் வகையைப் போட்டேன், அலுமினியத் தகட்டுக்கே வேலையில்லாமல் போனது. படத்துக்கும் பெரிய வேலை இல்லை. படத்தை ரீவி அன்டெனா சிக்னலாக மாற்றுகிற மொடுலேட்டர் பெட்டிக்குள் ஆர்சிஏ நடுமுள்ளோடு இணைந்திருக்கிற ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, பலகையிலிருந்து வருகிற கொம்போசிட் (நேரடிப் படச் சிக்னல்) வயரை நேரே அந்த முள்ளுக்குக் கொடுத்தால் ரீவியின் மஞ்சள் துளையில் படம் வரும்.

ஆனால் மஞ்சள் துளை உள்ள ரீவியே அருகி வருகிறது. என் ஆசைப்பட்டியலில் முதலாவது இங்கேதான். விளிம்பு இணைப்பியில் சொருகி எச்டிஎம்ஐ தருகிற பலகைகள் இருக்கின்றன, உள்ளே ராஸ்பெரி பை ஸீரோ என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து. பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பழைய கணினிக்காகத் தொடங்கிய ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ திட்டமும் அதே பையை நம்பியதுதான். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் 3.5 மெகாஹெர்ட்ஸ் கணினிக்குப் படம் காட்ட அதைவிடப் பல நூறு மடங்கு வேகமான கணினி ஒன்றைக் கட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. சின்னதாக, மலிவாக, ஒரே வேலை மட்டும் செய்கிற ஒன்று வரவேண்டும்.

இரண்டாவது, கீழ் நினைவகம். எட்டு 4116களையும் எடுத்துவிட்டு ஒரே ஸ்டாட்டிக் ரம் (வேறு வகை நினைவகச் சிப்) பலகையை அந்த இடத்தில் வைக்கிற வடிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அது வந்தால் நினைவகத்துக்கு மைனஸ் 5 தேவையே இல்லை, டிஆர்4 செத்தாலும் அதோடு எட்டுச் சிப்பும் சாகாது. எனக்கு வேண்டியது அதன் வரைபடமும் பலகைக் கோப்பும் திறந்து கிடப்பது. கோப்பு இருந்தால் வெறும் பலகைகளை எங்காவது அச்சிட்டு உறையில் வரவழைத்து, இங்கே நாங்களே சோல்டர் பிடிப்போம். அப்படிச் செய்கிறவர்கள் தயவுசெய்து துளைவழிக் கால் உள்ள பாகங்களைப் பாவியுங்கள், மணல்மணி அளவு ரெசிஸ்டர்களைப் பிடிக்க எல்லோர் மேசையிலும் நுண்ணோக்கி இல்லை. இன்னும் ஒன்று, விளிம்பு இணைப்பிகளுக்குத் தங்கப் பூச்சு. குளிர்நாட்டுக்காரருக்கு அது ஆடம்பரம், கடலோரத்தில் அது இல்லாவிட்டால் ஒரு மாரி தாண்டாது.

மூன்றாவது கவலை இசட்80, ஸ்பெக்ட்ரத்தின் மூளையான சிப். 1976இல் வந்த சிப், 2024 ஏப்ரலில்தான் அதைச் செய்கிற ஸைலொக் நிறுவனம் அதன் தனிச் சிப்புக்கு இனி ஓடர் எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது, அதே ஜூனோடு கடைசி ஓடர். உடனே தட்டுப்பாடு வராது, உலகில் இசட்80 கொட்டிக் கிடக்கிறது, கிழக்கு ஜெர்மனியில்கூட யூ880 என்று நகல் செய்தார்கள். யூஎல்ஏ நிலைமை வேறு, ஃபெராண்டி செய்த அந்தச் சிப் ஸ்பெக்ட்ரத்துக்கென்றே செய்தது. கிறிஸ் ஸ்மித் அதன் உள்வேலையை முழுக்கப் பிரித்தறிந்து வெளியிட்டபடியால்தான் இன்று அதற்கு மாற்றுப் பலகைகள் வருகின்றன. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலையால் எத்தனை கணினிகள் தப்பின என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. (இசட்80 பற்றி ஒரு உள்ளூர்ச் சங்கதி: கோணேசர் மலையடியில் 1956இல் முக்குளித்துக் கோயில் இடிபாடுகளைப் பார்த்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1980களில் கொழும்பிலிருந்து திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹையம்ஸோடு மோடம் வழியாகக் கடிதம் பரிமாறியது கேப்ரோ கணினியில். அதற்குள்ளும் இசட்80தான்.)

புரோகிராம் ஏற்றுவது பிரச்சினையே இல்லை. கைபேசியிலிருந்து வயர் ஒன்றை இயர் துளைக்குக் கொடுத்து, சத்தத்தை முழுக்க வைத்தால் கசெட் மாதிரியே ஏறும், 48கே விளையாட்டு ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் அளவில். இப்போதைய கைபேசிகளில் ஹெட்ஃபோன் துளை இல்லாததுதான் இடைஞ்சல். டிவ்எம்எம்சி வகைப் பலகையில் எஸ்டி கார்ட் போட்டால் ஐந்து நிமிஷம் ஓரிரு விநாடியாகும், அடுத்த உறையில் அது வரும். மாமாவுக்கு அது வேண்டாமாம், "கீச்சுச் சத்தம் கேக்காட்டி அது ஸ்பெக்ட்ரம் இல்ல" என்கிறார்.

அவர் இப்போது செய்துகொண்டிருப்பது வேறு. ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்துகொள்ளக்கூடிய எழுத்துகள் 21, எட்டுக்கு எட்டுப் புள்ளி. அதில் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்று சதுரத்தாளில் கட்டம் போட்டு நிரப்புகிறார். ம அடங்கும், ண ஒரு கட்டத்துக்குள் அடங்காது, இரண்டு கட்டம், லையின் கொம்புக்கு இன்னொன்று. இருமத்தை என்னைக் கேட்காமல் தானே கணக்குப் பார்க்கிறார்.

இந்தக் கதை கொஞ்சம் பரவி, அன்புவழிபுரத்தில் ஒருவர் கொமடோர் 64 இருக்கிறது, பார்ப்பீர்களா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன், ஒரே நிபந்தனை, அதனோடு வந்த மின்வழங்கியைச் சொருகிப் பார்க்கவே கூடாது. பிசின் ஊற்றி அடைத்த அந்தக் கட்டி வயதானால் 5 வோல்ட் பக்கம் மெல்ல மேலே ஏறும், ஏறினால் நினைவகச் சிப்புகள் போகும். நடுவில் வைத்து, வோல்ட்டேஜ் கூடினால் துண்டிக்கிற சின்னப் பலகைகள் இதற்கென்றே செய்கிறார்கள். அதுவும் உறைக்குள் வருகிற சாமான்தான், ஓடர் போட்டாயிற்று.